என் தவறுக்கு விடை பூஜ்யம்

ஜூன் 8, திங்கள்

இன்றைய தவறு: ஆண்டெனாவின் இடத்தைப் பழைய வரைபடத்திலிருந்து எடுத்து எழுதிவிட்டேன். புதிய வரைபடத்தில் அது ராக்கெட்டின் மூக்கை நோக்கி நான்கு விரற்கடை நகர்ந்திருக்கிறது. எது புதியது என்று மூலையில் எண் போட்டிருக்கும். அதைப் பார்க்காதது என் அவசரம்.

நாட்குறிப்பை இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பது மாலை வகுப்பு வாத்தியாரின் விதி. அன்றைய தவறில் ஆரம்பித்து, மறுநாள் வேலையில் முடிக்க வேண்டும். நம் வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் படித்தாலும் புரிய வேண்டும். அவர் பகலில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், எந்த வீடு தீப்பிடிக்கும், எது பிடிக்காது என்று கணக்குப் போடுகிறார். மாலையில் எங்களுக்குப் 'பிழைகளின் கணிதம்' நடத்துகிறார். அந்தப் பெயரைப் பார்த்துத்தான் சேர்ந்தேன். இந்தப் பாடத்துக்கு வேண்டிய சரக்கு என்னிடம் தாராளமாக இருக்கிறது என்று தோன்றியது.

நான் இருப்பது ராக்கெட்டுக்கு வழிகாட்டும் பெட்டியைச் சோதிக்கும் குழுவில். இரண்டு செருப்பு டப்பாக்களைச் சேர்த்துக் கட்டிய அளவுதான் பெட்டி. அதற்குக் கண் கிடையாது. கண்ணைக் கட்டிவிட்ட ஆள் மாதிரி, இவ்வளவு வேகம் கூடியது, இந்தப் பக்கம் திரும்பினேன் என்று உள்ளுக்குள்ளேயே கணக்கு வைத்து, தான் இருக்கும் இடத்தைச் சொல்லும். நேரம் போகப்போகக் கணக்கு மெல்லப் பிசகும். அப்போது செயற்கைக்கோள்கள், 'நீ இருப்பது அங்கே இல்லை, இங்கே' என்று திருத்திக்கொடுக்கும். அவற்றின் குரல் வந்து விழும் இடம்தான் ஆண்டெனா. பெட்டி ஓரிடத்திலும் ஆண்டெனா வேறோரிடத்திலும் இருப்பதால், இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் என்று பெட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சோதனையின்போது செயற்கைக்கோள்களின் குரலை ஒரு யந்திரம் போலியாக உண்டாக்கி, கேபிள் வழியாகப் பெட்டிக்கு ஊட்டும். அதை இயக்குபவருக்கு வானம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அவர் காலையில் சிடுசிடுவென்று வந்தால், "இன்னைக்கு வானம் சரியில்ல" என்று சொல்லிக்கொண்டு ஆளாளுக்கு ஒதுங்குவார்கள். வானத்துக்குக் கொடுக்க வேண்டிய கோப்பைத் தயாரிப்பது நான். நான் பழைய இடத்தை எழுதியது அதில்தான்.

இன்று பெட்டியைச் சுழல்மேசையில் பொருத்தி உருட்டினோம். பறக்கும்போது ராக்கெட் தன் நீளத்தை அச்சாக வைத்து மெதுவாக உருளும். அதைத் தரையில் நடித்துப் பார்க்கும் சோதனை இது. பெட்டி சொல்லும் வேகமும் செயற்கைக்கோள் சொல்லும் வேகமும் ஒத்துப்போனால், வித்தியாசம் திரையில் நேர்கோடாக ஓடும். இன்று நேர்கோடு வரவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை ஏறி இறங்கி, அலை அலையாக வந்தது.

வானம் தன் யந்திரத்தின் மீது கை வைத்து, அதில் ஓட்டை ஒன்றும் இல்லை என்று யாரும் கேட்காமலே சொன்னார். எங்கள் குழுத்தலைவர் திரையை விட்டு நகரவில்லை. கூரையே இடிந்தாலும் "பொறுமை, பொறுமை" என்பதால் அவருக்குப் பொறுமை என்றே பெயர். நான் என் கோப்பைத் திறந்தேன். வரைபடத்தின் மூலையைப் பார்த்தேன். அதில் பழைய எண்.

"சாரி சார், என் தப்புதான்" என்றேன்.

என்னை இங்கே சாரி என்று கூப்பிடுகிறார்கள். அந்தப் பெயர் வந்த காரணத்தை இனி விளக்க வேண்டியதில்லை.

எல்லோருக்கும் நிம்மதி. அலைக்கு ஆள் கிடைத்துவிட்டது. கோப்பைத் திருத்தினேன். அதற்குள் சுழல்மேசையைப் பக்கத்துக் குழு வாங்கிக்கொண்டு போய்விட்டது. அதனால் பெட்டியைச் சும்மா ஒரு பீடத்தில் வைத்து, உருட்டாமலே மறுபடி ஓட்டினோம். கோடு அளவுகோல் வைத்துப் போட்டது போல வந்தது. 'காரணம்: கோப்பில் ஆண்டெனாவின் இடம் தவறு. திருத்தப்பட்டது' என்று அறிக்கையை முடித்தார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். வெள்ளிக்கிழமை பெட்டி ராக்கெட்டுக்குள் போகிறது. பக்க மூடியைப் போட்டு முடுக்கிவிட்டால், பிறகு அதை யாரும் திறக்க மாட்டார்கள்.

வீட்டில் சொன்னேன். நான் இருப்பது அக்கா வீட்டில். அக்காவின் கணவர், என் மாமா, லிஃப்ட் பழுது பார்ப்பவர். "உன் ராக்கெட்டும் என் லிஃப்டும் ஒண்ணுதான், மேல போறதுதான் வேலை. என்ன, என்னுது திரும்பி வரும்" என்று ஆயிரமாவது தடவையாகச் சொல்லிவிட்டு, தானே சிரித்துக்கொண்டார்.

நாளை: கேபிள்களைப் பரிசோதிக்க வேண்டும். வகுப்புக்கு ஒரு தவறு கொண்டுபோக வேண்டும். கையிலேயே இருக்கிறது.

ஜூன் 9, செவ்வாய்

இன்றைய தவறு: பேருந்தில் குடையை விட்டுவிட்டேன். மழை வராததால் தப்பித்தேன்.

இன்று வகுப்பில் ஒரு பயிற்சி. சொந்த வேலையில் நடந்த ஒரு தவறை எடுத்து, அது எவ்வளவு சேதம் செய்யும் என்று கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். என் வரிசையில் இருக்கும் செவிலி மருந்தின் அளவில் ஒரு புள்ளி இடம் மாறியதை எடுத்துக்கொண்டார். தச்சர் ஒருவர் அரை அங்குலம் குறைந்த கதவை எடுத்துக்கொண்டார். கதவு இன்னும் காற்றுக்கு அடித்துக்கொண்டிருக்கிறதாம். நான் நேற்றைய நான்கு விரற்கடையை எடுத்துக்கொண்டேன். அந்தப் பிசகு உருளும்போது எவ்வளவு பெரிய அலையை உண்டாக்கும்? சுலபமான கணக்கு.

விடை பூஜ்யம் என்று வந்தது.

எங்கோ விட்டுவிட்டேன் என்று அழித்துவிட்டு மறுபடி போட்டேன். பூஜ்யம். தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் படம் வரைந்து முதலிலிருந்து போட்டேன். அங்கேயும் பூஜ்யம்தான் உட்கார்ந்திருந்தது.

பிறகு கையில் இருந்த பென்சிலை மேசையில் உருட்டினேன். பென்சிலின் மீது ஒரு புள்ளி வைத்தால், உருளும்போது அதுவும் சுற்றும். அதே புள்ளியை முனைப் பக்கமாக நான்கு விரற்கடை தள்ளி வைத்தாலும் அதே மாதிரிதான் சுற்றும். நீளவாக்கில் எங்கே வைத்தாலும் சுற்றில் மாற்றம் இல்லை. என் தவறு நீளவாக்கில். ராக்கெட் உருண்டது நீள அச்சில். நேற்றைய அலையை என் தவறு செய்திருக்கவே முடியாது.

வாத்தியார் தாளை வாங்கிப் பார்த்தார். கணக்குச் சரி என்று குறி போட்டு, கீழே சிவப்பு மையில் 'அப்போ யாரு?' என்று எழுதிக் கொடுத்தார். அவருக்கு ராக்கெட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. தீப்பிடித்த வீட்டைப் பார்த்தால் அவர் கேட்கும் கேள்வி அது, அவ்வளவுதான்.

திரும்பும்போது பேருந்தில் இன்னொரு கணக்குப் போட்டேன். அலையின் உயரம் நினைவில் இருந்தது, உருட்டிய வேகமும் தெரியும். ஆண்டெனா தன் இடத்தைவிட்டு எவ்வளவு தள்ளி இருப்பதாகப் பெட்டி நினைத்தால் இவ்வளவு பெரிய அலை வரும்? ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. அந்த எண் எங்கோ பார்த்த முகமாக இருந்தது. இறங்கும் நிறுத்தம் வருவதற்குள் ஞாபகம் வந்துவிட்டது. ராக்கெட்டில் ஆண்டெனா இருக்கும் பகுதிக்கு அதுதான் குறுக்களவு. அப்படியென்றால் ஆண்டெனா இருக்கும் பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் அது இருப்பதாகப் பெட்டி நம்புகிறது. அல்லது வானம் நம்புகிறது. இரண்டில் ஒன்று.

எது என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. நேற்று நான் கையெழுத்துப் போட்டதால்தான் இதை யாரும் தேடவில்லை.

அக்காவிடம் சொன்னேன். ஒத்துக்கொண்ட தவறை நான் செய்யவில்லை என்று இப்போது போய்ச் சொன்னால், தப்பிக்கப் பார்க்கிறாள் என்றுதானே நினைப்பார்கள் என்று கேட்டேன். அக்கா பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறாள். துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "எந்தப் பல்லு வலிக்குதுன்னு சரியா சொல்லாம, டாக்டர் தட்டின பல்லையெல்லாம் ஆமா ஆமான்னு சொல்றவங்க இருக்காங்க. நல்ல பல்லு போயிடும். வலி அப்படியே இருக்கும். நீ அந்த ரகம்டி."

மாமா உள்ளேயிருந்து, கையெழுத்துப் போட்ட பிறகு பல்லைத் திரும்பக் கேட்க முடியுமா என்று கேட்டார். அக்கா அவர் மீது ஒரு தலையணை உறையை எறிந்தாள்.

நாளை: காலையில் பொறுமையைப் பார்த்துப் பேச வேண்டும்.

ஜூன் 10, புதன்

இன்றைய தவறு: காலையில் பேச வேண்டியதை மதியம் பேசினேன். அவர் அறை வாசல் வரை இரண்டு முறை போய், தண்ணீர் குடிக்க வந்தவள் மாதிரி திரும்பிவிட்டேன். அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாயே கிடையாது.

கடைசியில் உள்ளே போனபோது வானமும் அங்கே இருந்தார். திங்கட்கிழமை அறிக்கையைத் திறக்க வேண்டும் என்றேன். பொறுமை கண்ணாடியைக் கழற்றினார். "அதுதான் ஒத்துக்கிட்டியேம்மா. உன்னை யாரும் ஒண்ணும் சொல்லலையே" என்றார்.

"ஒத்துக்கிட்டதுதான் தப்பு சார்."

வானம் சிரித்துவிட்டார். முதலில் சாரி சொன்னாள், இப்போது சாரி சொன்னதற்குச் சாரி சொல்ல வந்திருக்கிறாள் என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் கணக்கு என் கையில் இருந்தது. பொறுமையின் மேசையில் கிடந்த பென்சிலை எடுத்து உருட்டிக் காட்டினேன். என் தவறுக்கு ஏன் பூஜ்யம் என்று சொன்னேன். திங்கட்கிழமை மறுபடி ஓட்டியபோது பெட்டியை உருட்டவே இல்லை, அதனால் நேர்கோடு வந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை என்றேன். பிறகு ராக்கெட்டின் குறுக்களவும் அலையின் உயரமும் ஒத்துப்போவதைக் காட்டினேன். இப்போது வானம் சிரிக்கவில்லை. தாளைத் தன் பக்கம் திருப்பி, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு போனார்.

"உன் கோப்பு வடிவமைப்பு வரைபடத்துலேர்ந்து வந்ததுதானே. அதுல ஆண்டெனா ஒன்று, ஆண்டெனா ரெண்டுன்னு இருக்கு. நான் ஒன்றை ஓட்டினேன்" என்றார். குரலில் மிடுக்கு குறைந்திருந்தது. தன் பக்கம் தவறாக இருக்குமோ என்ற பயம் அவருக்கும் வரும் என்பது இன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ராக்கெட்டில் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு ஆண்டெனாக்கள் உண்டு. ஆனால் பெட்டிக்குப் போகும் அளவுகள் வரைபடத்திலிருந்து வருவதில்லை. கட்டி முடித்த பிறகு ராக்கெட்டிலேயே அளந்து எடுப்பவை அவை. வரைந்தது ஒன்று, கட்டியது ஒன்று என்று ஆகிவிடக் கூடாது என்பதால் அந்த ஏற்பாடு. அளப்பவர்கள் ஒன்று, இரண்டு என்று சொல்வதில்லை. மேல் ஆண்டெனா, கீழ் ஆண்டெனா என்பார்கள். ஒன்றுதான் மேல், இரண்டுதான் கீழ் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். எப்படித் தெரியும் என்று பொறுமை கேட்டார்.

"இது இப்படியே பறந்தா?" என்று பிறகு கேட்டார்.

ராக்கெட் உருளும்போதெல்லாம் செயற்கைக்கோள்கள் பொய் சொல்வதாகப் பெட்டி நினைக்கும், கொஞ்ச நேரத்தில் அவற்றின் பேச்சைக் கேட்பதையே நிறுத்திவிடும், அதற்குப் பிறகு கடைசி வரை கண்ணைக் கட்டிக்கொண்டுதான் பயணம் என்றேன். இதைச் சொல்லும்போது என் குரல் நடுங்கவில்லை. எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

அவர் எழுந்தார். "வாங்க, போய் பார்த்துடலாம்."

ராக்கெட் கூடத்தில் படுத்திருக்கிறது. அதைத் தாங்கும் சட்டத்துக்குத் தொட்டில் என்று பெயர். வேண்டியபோது வேண்டிய பக்கம் மேலே வரும்படி, சக்கரங்களின் மீது ராக்கெட்டை மெல்லத் திருப்பலாம். திருப்புவதும் பூட்டுவதும் தொட்டில்காரர் பொறுப்பு. பெரிய உடம்பு, மெல்லிய குரல். நாங்கள் மூவர் சேர்ந்து வருவதைப் பார்த்ததும், பெண் பார்க்க வந்தவர்களா என்று கேட்டார்.

நான் நேராகக் கேட்டேன். "அண்ணா, மேல் ஆண்டெனான்னா எது?"

"மேல இருக்கறதுதான் தங்கச்சி. இதுல என்ன சந்தேகம்?"

"மேலன்னா, கூரைப் பக்கமா?"

"பின்ன, பாதாளப் பக்கமா?"

கையைத் தூக்கி ராக்கெட்டின் முதுகைக் காட்டினார். தரையில் நின்றால் அந்த உயரம் கண்ணுக்கு எட்டாது. ஏணி கூடத்தின் மறு கோடியில் இருந்தது. அது வரும்வரை பொறுத்திருக்க முடியாமல், நான் தரையில் மல்லாந்து படுத்து, கால்களால் உந்திக்கொண்டு தொட்டிலுக்கு அடியில் போனேன். முகத்துக்கு நேர் மேலே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், ஆண்டெனாவின் சிவப்பு உறை. அதன் பக்கத்தில் ஒரு வெள்ளை ஒட்டுத்தாள். பெரிய எழுத்தில், அழகான கையெழுத்தில், தரையைப் பார்த்துக்கொண்டு 'மேல்' என்று இருந்தது.

வந்து பாருங்கள் என்று கூப்பிட்டேன். பொறுமை இஸ்திரி போட்ட சட்டையோடு பக்கத்தில் வந்து படுத்தார். அந்தப் பக்கம் வானம். மூன்று பேரும் வரிசையாகக் கிடந்து அதைப் பார்த்தோம்.

"இத்தனை நாளா இது நம்மளைப் பார்த்து சிரிச்சிக்கிட்டு இருந்திருக்கு" என்றார் வானம்.

தொட்டில்காரர் குனிந்து பார்த்தார். பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒட்டும்போது அது மேலேதான் இருந்தது என்றார். உண்மை. அதற்குப் பிறகு கேபிள் வேலைக்காக ராக்கெட்டை அரைச்சுற்று திருப்பினார்கள். பெட்டியை வைக்கும் தாங்கியைப் பொருத்தியது அதற்கும் பிறகு. தாங்கியில் ஓர் அம்புக்குறி உண்டு. 'அம்பு மேல் நோக்கி' என்று அளந்து எழுதினார்கள். அதுவும் உண்மை. ஆண்டெனாவும் மேல், அம்பும் மேல், ஆகவே இரண்டும் ஒரே பக்கம் என்று பெட்டிக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். இரண்டு 'மேல்'களுக்கும் நடுவில் ராக்கெட் புரண்டு படுத்துவிட்டது. வடிவமைப்பு வரைபடம் சரி, வானத்தின் வானமும் சரி. பறக்கப் போகும் அளவுதான் தவறு.

"தொட்டிலைத் திருப்பினது நான்தான். என் பேரை எழுதிக்குங்க" என்றார் தொட்டில்காரர். அவருக்குப் பதிலாக நானே சாரி சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் வாய் வரை வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். திருப்பச் சொன்னதால் அவர் திருப்பினார். அதில் என்ன தவறு என்று கேட்டேன். பொறுமையும் தலையாட்டினார்.

ஏணியைக் கொண்டுவந்து மேலே ஏறிப் பார்த்தார்கள். 'கீழ்' என்ற ஒட்டுத்தாள் கூரையைப் பார்த்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

நாளை: சுழல்மேசையைக் கேட்டு வாங்க வேண்டும். திருத்திய அளவோடு, உருட்டி, மறுபடி ஓட்ட வேண்டும். வர வேண்டியது நேர்கோடு.

ஜூன் 11, வியாழன்

இன்றைய தவறு: சுழல்மேசைக்கான சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடினேன்.

மேசையைத் தர பக்கத்துக் குழுவுக்கு மனமில்லை. திங்கட்கிழமை விட்டுக்கொடுத்ததைச் சொல்லிக்காட்டி, அரை நாளுக்குப் பொறுமை வாங்கிக் கொடுத்தார். அவர் குரல் உயர்ந்ததை இன்றுதான் கேட்டேன். அதிலும் நடுவில் ஒரு "பொறுமை" இருந்தது.

முதலில் பழைய அளவோடு ஓட்டலாம் என்றேன். எதற்கு வீண் வேலை என்றார் வானம். என் நான்கு விரற்கடையைத் திருத்திய பிறகும் அலை அப்படியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் நாளை மறுபடி யாராவது என்னைக் கைகாட்டுவார்கள், நானும் ஆமாம் என்பேன் என்றேன். ஓட்டினோம். திங்கட்கிழமை பார்த்த அதே அலை, அதே உயரம். அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது அந்த அறையில் நான் ஒருத்திதான்.

பிறகு திருத்திய அளவு. மேசை சுழலத் தொடங்கியது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. கோடு ஓடியது. எங்கே ஏறப் போகிறது என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏறவில்லை. எதிர்ப்பக்கம் உருட்டினோம், வேகத்தைக் கூட்டினோம். அது பாட்டுக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது. வாசலில் நின்றுகொண்டிருந்த தொட்டில்காரர், இதுதான் வர வேண்டியதா என்று கேட்டார். இதுதான் என்றேன். "இதுல பார்க்க ஒண்ணுமே இல்லையே தங்கச்சி" என்றார். அதற்குத்தான் அண்ணா இத்தனை பாடு என்றேன்.

யந்திரத்தை நிறுத்திவிட்டு வானம் என் மேசைக்கு வந்தார். கொஞ்ச நேரம் என் அளவுகோலை எடுத்துப் பார்ப்பது போல நின்றார்.

"சாரி, சாரி" என்றார்.

இதில் எது மன்னிப்பு, எது என் பெயர் என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை. பரவாயில்லை என்று சொன்னேன். இங்கே சேர்ந்ததிலிருந்து நான் வாங்கிய வார்த்தையைத் திருப்பிக் கொடுக்க இன்றுதான் வாய்ப்பு வந்தது.

அறிக்கையைப் புதிதாக எழுதும் வேலை எனக்கு வந்தது. காரணம் என்ற இடத்தில் திங்கட்கிழமை நான் இருந்தேன். அதை அடித்தேன். தொட்டில்காரர் பெயரையும் போடவில்லை. "'மேல்' என்ற சொல்" என்று எழுதினேன். இதைப் படித்துவிட்டு, சொல்லுக்குச் சம்பளம் பிடிக்க முடியாதே என்றார் பொறுமை. ஆனால் கையெழுத்துப் போட்டார். என் நான்கு விரற்கடையும் கீழே இருக்கிறது, தனி வரியில், 'விளைவு: பூஜ்யம்' என்று. அது என் தவறுதான். அதன் அளவு எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் நான் பொறுப்பு.

மாமாவிடம் சொன்னபோது அவருக்கு ஒரே குதூகலம். மேல் எது, கீழ் எது என்று தெரியாதவர்களை லிஃப்ட் வேலைக்கு வாசலிலேயே நிறுத்திவிடுவார்களாம். லிஃப்டை யாரும் படுக்கப்போட்டு உருட்டுவதில்லை மாமா என்றேன். அக்கா கை தட்டினாள்.

நாளை: பெட்டி உள்ளே போகிறது. அதற்கு முன் ராக்கெட்டின் இரண்டு பக்கமும் இருக்கும் 'மேல்', 'கீழ்' ஒட்டுத்தாள்களை உரித்துவிட்டு, 'ஒன்று', 'இரண்டு' என்று ஒட்ட வேண்டும். ஏணி வேண்டும் என்று தொட்டில்காரரிடம் சொல்லியாகிவிட்டது.